விருந்தினர் கற்ற மொழி



தாய்மொழி என்ற சொல்லைக் கேட்டவுடன் நமக்கு அன்னையின் மடியும், அவள் சொல்லித் தந்த முதற் சொற்களும் நினைவுக்கு வருதல் இயல்பு. இன்று நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட தாய் மொழியோ வேறு. 1939ஆம் ஆண்டில் தாய்லாந்து எனப் பெயர் மாற்றம் பெற்ற சீய நாட்டு மக்களின் மொழி அது. தாய் என்பது அவர்தம் இனத்தின் பெயர்.

அம்மொழியின் இலக்கணத்தை இங்கு கற்பிப்பது என் நோக்கமன்று. வணிகராகவும், தூதராகவும், சமயத் தொண்டராகவும், கூலிக்கு உழைப்போராகவும் அந்நாட்டிற் சென்று தங்கிய அந்நியர் எவ்வாறு அம்மொழியைக் கற்றனர், எந்தச் சொற்களை அங்கே விட்டுச் சென்றனர் என்பதனையே சிறிது ஆராய விரும்புகின்றேன். அரசர்களின் போரையும் உடன்படிக்கையையும் ஏடுகள் சொல்லும். ஆனால் ஒரு நாடு பிறநாட்டானைத் தன் முற்றத்தில் நிறுத்தியதா, அடுக்களைவரை அழைத்துச் சென்றதா என்பதனை அறிய வேண்டுமாயின், சந்தையிலும் படகுத் துறையிலும் வழங்கும் சொற்களைத்தான் கேட்க வேண்டும்.

முதலில், அந்நாட்டார் அந்நியரை அழைக்கும் பெயர்களைப் பார்ப்போம். ஐரோப்பியரை அவர்கள் 'ஃபராங்' என்பர். இச்சொல் நமக்குப் புதியதன்று. பிராங்கு என்னும் மேனாட்டு இனத்தாரின் பெயரை அராபியரும் பாரசீகரும் தம் நாவுக்கேற்பத் திரித்து வழங்கினர். அவர்களுடைய கப்பல்கள் சென்ற துறைகளிலெல்லாம் அச்சொல்லும் சென்றது. தமிழகத்திற் பரங்கி என்றும், நம் ஈழநாட்டிற் பறங்கியர் என்றும் வழங்குவது அதுவே. புதுமை என்னவெனில், தாய் மொழியிற் கொய்யாப் பழத்திற்கும் 'ஃபராங்' என்றே பெயர். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த கனி அந்நியரின் பெயரையே பெற்றுவிட்டது. உருளைக்கிழங்கு அவர்களுக்கு அந்நியர் கிழங்கு. மேனாட்டார் வாயிலிட்டு மெல்லும் பசையுருண்டை வந்தபோது, அதற்கு அந்நியர் பாக்கு என்று பெயரிட்டனர். வெற்றிலை பாக்கு மென்று பழகிய மக்களுக்கு வேறு எந்தப் பெயர் தோன்றும்? நாமும் அமெரிக்கக் கண்டத்துக் காயொன்றைப் பறங்கிக்காய் என்றழைத்தவர்களே.

இந்தியர், மலாயர், அராபியர் ஆகியோரை அவர்கள் அழைக்கும் சொல் 'கேக்'. தின்னும் கேக்கு என்று எண்ணிவிடாதீர்கள். இச்சொல்லுக்கு விருந்தினர் என்பதே பொருள். வீட்டுக்கு வரும் உறவினரும் கேக், கடை வைத்திருக்கும் தமிழரும் கேக். விருந்தினர் என்று அழைப்பதில் அன்பு உண்டு. நீ இவ்வீட்டான் அல்லன் என்ற நினைவூட்டலும் உண்டு. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தைக் கடந்த வரலாறே அந்நியர் அம்மொழியைக் கற்ற வரலாறு.

சீயத்தின் பழைய தலைநகரம் அயுத்தியா. 14ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுந்து, 1767ஆம் ஆண்டிற் பர்மியப் படையினால் அழிந்த மாநகரம் அது. 1511ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயத் தூதர் அங்கு சென்றார். அடுத்த நூற்றாண்டில் ஒல்லாந்தர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், யப்பானியர், பாரசீகர், சீனர் எனப் பல நாட்டார் அந்நகரைச் சூழ்ந்த ஆற்றங்கரைகளில் தனித்தனிக் குடியிருப்புகளில் வாழ்ந்தனர். இவர்கள் ஒருவரோடொருவர் பேசப் போர்த்துக்கேய மொழியும் மலாய் மொழியும் உதவின. ஆகவே, சீய மொழியைக் கல்லாமலே பல்லாண்டு அங்கு வாணிகம் செய்யவும் முடிந்தது.

அவ்வாறு நில்லாமல் மொழியைக் கற்றுத் தேர்ந்து உச்சிக்கு ஏறியவர் ஒருவர் உண்டு. கிரேக்க நாட்டைச் சேர்ந்த கொன்ஸ்தாந்தின் போல்கன் என்பவர் அவர். ஆங்கிலக் கப்பல்களிற் பணியாளாக வந்தவர், சீய மொழியைச் செம்மையாகக் கற்று, நாராய் மன்னரின் நம்பிக்கைக்குரிய அதிகாரியாக உயர்ந்தார். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயிக்கும் சீய மன்னருக்கும் இடையே தூதுகள் நடந்தபோது இரு சாராருக்கும் இடையில் நின்றவர் அவரே. ஆனால் அரண்மனையின் மொழி வசப்பட்டதுபோல அந்நாட்டாரின் மனம் அவருக்கு வசப்படவில்லை. 1688ஆம் ஆண்டில் மன்னர் நோயுற்றுக் கிடந்தபோது எழுந்த கிளர்ச்சியிற் போல்கன் கொல்லப்பட்டார். பிரெஞ்சுப் படையும் நாட்டைவிட்டு நீங்கியது.

போல்கனின் மனைவி மரியா கியோமார் என்பவர். யப்பானிய, போர்த்துக்கேயக் குருதி கலந்த குடும்பத்திற் பிறந்தவர். கணவனை இழந்து துன்புற்ற அவர், பின்னர் அரண்மனை அடுக்களையிற் பணியாற்றினார் என்பர். முட்டையின் மஞ்சட் கருவையும் சர்க்கரைப் பாகையும் கொண்டு செய்யும் போர்த்துக்கேய இனிப்புகளைச் சீயத்திற்கு அறிமுகப்படுத்தியவர் அவரே என்பது அந்நாட்டு மரபு. அவற்றுள் ஒன்று 'ஃபோய் தோங்', அதாவது பொன்னிழை. திருமண வீடுகளிலும் விழாக்களிலும் இன்றும் அது பரிமாறப்படுகிறது. கணவர் அமைத்த அரசியற் கட்டடம் ஒரே ஆண்டில் இடிந்தது. மனைவியின் பொன்னிழை மூன்று நூற்றாண்டுகளாக அறுபடவில்லை.

போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொற்களும் அவ்வாறே நிலைத்தன. சவர்க்காரத்தைத் தாய் மக்கள் 'சபு' என்பர். பாணை 'கனோம் பங்' என்பர். 'கனோம்' என்றால் பணியாரம். 'பங்' என்றது நாம் காலையிற் கடையில் வாங்கும் அதே பாண்தான். பொருளைக் கூவி விற்கும் ஏலத்தை அவர்கள் 'லேலங்' என்பர். நம் ஏலமும் அந்தப் போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்ததே. கொழும்பிலும் அயுத்தியாவிலும் ஒரே கப்பற்காரர் ஒரே பொருளைக் கூவி விற்றதன் எதிரொலி, இரு நாட்டு மக்களின் வாயிலும் இன்றுவரை ஒலிக்கிறது. சீனர் தந்தவையோ இவற்றினும் பல. நாற்காலிக்கும் மேசைக்கும் கூடத் தாய் மொழியிற் சீனச் சொற்களே வழங்குகின்றன.

1687ஆம் ஆண்டில் வந்த பிரெஞ்சுத் தூதர் சிமோன் த லா லூபேர் வேறு வகையான மாணாக்கர். சில மாதங்களே அங்கு தங்கினார். ஆயினும் மக்கள் உண்பது, உடுப்பது, வீடு கட்டுவது, எண்ணுவது, எழுதுவது யாவற்றையும் கேட்டறிந்து, 1691ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். தன்னைக் குறிக்க அம்மொழியிற் பல சொற்கள் உண்டு என்பதனை அவர் கண்டறிந்து எழுதினார். நான் என்று சொல்லுவதற்கு முன், எதிரே நிற்பவர் யார், அவர் முன் நான் யார் என்று எண்ண வேண்டிய மொழி அது. இன்றும் ஆடவர் பணிவாகத் தம்மைக் குறிக்கும் சொல் 'பொம்'. அதற்குத் தலைமயிர் என்பது பொருள். பெரியோரின் பாதத்தின்கீழ் என் தலை என்னும் பழைய பணிவின் எச்சம் அது. அடியேன் என்று எழுதி வந்த நமக்கு இது எளிதில் விளங்கும்.

உண்ணுதல் என்னும் ஒரு செயலுக்கும் அங்கே பல சொற்கள் உண்டு. நண்பரிடையே 'கின்'. மதிப்புடன் சொல்லின் 'ரப்பிரதான்', அதாவது கொடையாக ஏற்றல். துறவி உண்டால் 'சன்'. மன்னர் உண்டால் 'சவோய்'. நம் கோயில்களில் இறைவன் உண்பதில்லை, திருவமுது செய்தருளுகிறான் அல்லவா? சந்தையிற் கற்ற 'கின்' என்னும் சொல்லோடு விகாரைக்குட் சென்ற அந்நியர் எத்தனை முறை நாணியிருப்பர் என்பதனை எண்ணிப் பாருங்கள்.

இவ்விடத்திற் சீயத்திற்கும் நமக்கும் உள்ள தொடர்பு இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று இலங்கையின் தொடர்பு. கண்டி மன்னர் கீர்த்திஸ்ரீ இராசசிங்கன் காலத்தில், இங்கே முறையான குருத்துவம் அற்றுப்போயிருந்த நிலையில், அயுத்தியாவிலிருந்து உபாலி தேரர் தலைமையிற் பௌத்தத் துறவிகள் ஒல்லாந்தர் கப்பலில் வந்து திருகோணமலையில் இறங்கினர். அது 1753ஆம் ஆண்டு. இன்றும் இந்நாட்டிற் சீயம் நிக்காய என்ற பெயர் அவ்வருகையை நினைவூட்டுகிறது. வந்தவருக்குச் சிங்களம் தெரியாது. இங்கிருந்தவருக்குச் சீய மொழி தெரியாது. பாளி மொழி இருவருக்கும் இடையே பாலமாக நின்றது.

மற்றொன்று தமிழின் தொடர்பு. சீயத்தின் மேலைக் கரையிலுள்ள தக்குவாபா என்னுமிடத்தில் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்துள்ளது. அவனிநாரணம் என்ற குளத்தையும், அதனைக் காக்கும் பொறுப்பேற்ற மணிக்கிராமத்து வணிகரையும் அது குறிப்பிடுகிறது. பாங்கொக் அரண்மனையைச் சார்ந்த பிராமணர் ஆண்டுதோறும் நடத்தும் சடங்கொன்றுக்குத் 'திரியம்பவாய்' என்று பெயர். நம் திருவெம்பாவையே அது. மார்கழித் திங்களில் நம் கோயில்களில் ஒலிக்கும் அப்பாடல்கள் அங்கும் ஓதப்பட்டு வந்தமையை நம் நாட்டு அறிஞர் தனிநாயகம் அடிகள் தமிழுலகிற்கு எடுத்துரைத்தார். ஆனால் ஒன்றை மறத்தலாகாது. ஓதுவோர்க்கு ஒலி நினைவிருந்தது, பொருள் மறைந்துவிட்டது. பொருள் கேட்க அங்கே தமிழ் பேசும் அயலவர் இல்லை, சந்தை இல்லை, குழந்தைகள் இல்லை. மந்திரமாக மட்டும் நின்ற மொழி, பேச்சாக நில்லாது போயிற்று.

1782ஆம் ஆண்டிற் பாங்கொக் தலைநகரமாயிற்று. 19ஆம் நூற்றாண்டில் அந்நியர் அம்மொழியை நூல்வழிக் கற்கும் காலம் பிறந்தது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் படையதிகாரியான ஜேம்ஸ் லோ என்பவர் 1828ஆம் ஆண்டிற் கல்கத்தாவில் தாய் மொழி இலக்கணம் ஒன்றை அச்சிட்டார். 1830ஆம் ஆண்டிற் பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குருவான பல்குவா என்பவர் சீயம் வந்து சேர்ந்தார். அவருடைய கோயிலுக்கு அருகிலிருந்த பௌத்த விகாரையில் ஓர் இளவரசர் துறவியாக வாழ்ந்தார். அவரே பின்னாளில் மொங்குட் மன்னர். குருவானவர் இளவரசருக்கு இலத்தீன் கற்பித்தார். இளவரசர் குருவானவருக்குப் பாளி கற்பித்தார். ஒருவர் மற்றவரைத் தம் சமயத்திற்கு மாற்றவில்லை. ஆயினும் ஒருவர் கல்வி மற்றவர் கல்வியை வளர்த்தது. அந்த அயலுறவின் நிழலில் வளர்ந்த புலமையின் பயனாக, 1854ஆம் ஆண்டிற் பாரிசில் தாய், இலத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளும் கொண்ட பேரகராதி வெளிவந்தது.

ஆங்கிலத்தையும் மொங்குட் இவ்வாறே பெற்றார். 1845ஆம் ஆண்டு தொடங்கி ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுக் காலம், அமெரிக்கச் சமயத் தொண்டர் ஜெசி காஸ்வெல் என்பவர் விகாரைக்குச் சென்று அவருக்கு ஆங்கிலம் கற்பித்தார். அதற்குக் கைம்மாறாகத் தம் சமயத்தைப் போதிக்க விகாரை நிலத்தில் ஓர் அறை அவருக்கு அளிக்கப்பட்டது. பௌத்த விகாரையின் தலைவர் கிறித்தவப் போதகருக்கு இடமளித்த அந்நிகழ்ச்சி, மொழியைப் பண்டமாற்றாகக் கொள்ளும் பெருந்தன்மைக்குச் சான்று. அமெரிக்க மருத்துவர் டான் பிராட்லி 1835ஆம் ஆண்டில் அச்சுப் பொறியுடன் வந்தார். அம்மைப்பால் குத்தினார், சத்திர சிகிச்சை செய்தார், செய்தித்தாள் நடத்தினார். நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்கத் தெரியாமல் மருத்துவம் செய்ய இயலாது. அவ்வாறு கேட்டுக் கேட்டுச் சேர்த்த சொற்கள், அவர் இறந்த 1873ஆம் ஆண்டில் தாய் மொழிச் சொற்களைத் தாய் மொழியிலேயே விளக்கும் அகராதியாக வெளிவந்தன.

1855ஆம் ஆண்டில் ஆங்கிலத் தூதர் பௌரிங் செய்த உடன்படிக்கையால் பிரித்தானியப் பிரசைகள் பாங்கொக்கிற் குடியிருக்கவும் வாணிகம் செய்யவும் உரிமை பெற்றனர். அந்நாளிற் பாங்கொக் நீர்மேல் மிதந்த நகரம். மக்கள் மூங்கிற் தெப்பங்களின்மேல் அமைந்த வீடுகளில் வாழ்ந்தனர். வீதிகளுக்குப் பதிலாக 'க்லோங்' எனப்படும் வாய்க்கால்களே இருந்தன. உலாவிவர வழியில்லை என்று ஐரோப்பியத் தூதுவர்கள் 1861ஆம் ஆண்டில் மன்னரிடம் விண்ணப்பித்தனர். அதன்பின் எழுந்ததே சரோன் குருங் என்னும் பெருவீதி. மக்கள் அதனைப் புது வீதி என்றே அழைத்தனர். அதனைச் சேரும் மற்றொரு வீதியின் பெயர் சீலோம், அதாவது காற்றாலை.

அந்தச் சீலோம் வீதியில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் குடியேறிய தமிழர் மாரியம்மன் கோயில் ஒன்றை எழுப்பினர். அவர்களும் பிரித்தானியப் பிரசைகளே. தாய் மக்கள் அதனை 'வாட் கேக்' என்பர். விருந்தினர் கோயில் என்று நாம் மொழிபெயர்க்கலாம். நவராத்திரி விழாவில் தாய் மக்களும் சீனரும் பூத்தட்டேந்தி நிற்பதை அங்கு காணலாம். தமிழிலிருந்து கிளம்பிப் பல மொழிகளின் வழியாகத் தாய் மொழிக்கும் சென்று சேர்ந்த சொல் ஒன்று உண்டு. அது கூலி. அரண்மனையிற் பாடப்பட்ட திருப்பாட்டின் பொருள் மறைந்தது; துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரின் பெயர் நிலைத்தது. இது நமக்கு நாணமும் தரலாம், பெருமையும் தரலாம். ஆனால் சொற்கள் எவ்வாறு வாழ்கின்றன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி, அந்நாட்டிற் குடியிருக்கச் சென்ற ஒருவர் நாள்தோறும் எதிர்ப்படும் சொற்களைப் பார்ப்போம். முதல் இடர்ப்பாடு ஒலியேற்றம். தாய் மொழியில் ஐந்து வகை ஏற்ற இறக்கங்கள் உண்டு. 'மா' என்று சமனாகச் சொன்னால் வா என்று பொருள். உயர்த்திச் சொன்னால் குதிரை. இழுத்து மேலேற்றினால் நாய். பழந்தமிழிலும் மா என்பது குதிரையைக் குறிக்கும் என்பது தற்செயலான ஒற்றுமை. 'காவ்' என்பது ஒரு குரலிற் சோறு, மற்றொரு குரலிற் செய்தி, வேறொரு குரலில் வெண்மை. எல்லாவற்றிலும் வியப்பானது 'க்லை' என்னும் சொல். குரலைச் சமனாக வைத்தால் அதற்குத் தொலைவு என்று பொருள். உயரத்திலிருந்து இறக்கினால் அண்மை என்று பொருள். படகோட்டியிடம் துறை எவ்வளவு தூரம் என்று கேட்ட புதியவர், அவன் விடையைக் கேட்டும் அறியாமல் விழிப்பார்.

இரண்டாவது இடர்ப்பாடு நேரம். பழைய முறைப்படி பகலில் மணி அடித்தும் இரவில் முரசறைந்தும் காலத்தை அறிவித்தனர். ஆகவே பகற் பொழுதை 'மோங்' என்ற மணியோசையாலும், முன்னிரவை 'தும்' என்ற முரசோசையாலும் குறித்தனர். பிற்பகல் இரண்டு மணிக்கும் இரண்டு என்பர். இரவு எட்டு மணிக்கும் இரண்டு தும் என்பர். நள்ளிரவு கழிந்து இரண்டு மணிக்கும் இரண்டு அடி என்பர். விருந்துக்கு இரண்டுக்கு வருக என்பதை மட்டும் கேட்டுச் சென்றவர், பகலுணவுக்குச் சென்று இரவுணவுவரை காத்திருக்க நேரும். கடிகாரத்தை அவர்கள் 'நாலிகா' என்பர். நம் நாழிகை அங்கே கருவியாக நிற்கிறது.

தண்ணீருக்கு 'நாம்' என்று பெயர். ஆறு 'மே நாம்', அதாவது நீர்த்தாய். கண்ணீர் 'நாம் தா'. 'தா' என்பது கண். நம் கண்ணீர் போன்றே அமைந்த சொல். பனிக்கட்டி கடின நீர். சீனியைக் குறிக்கும் சொல்லோ யாழ்ப்பாணத்தார் நெஞ்சைத் தொடுவது. எழுத்தில் 'நாம் தால்' என்றெழுதி, பேச்சில் 'நாம் தான்' என்பர். தால் என்பது வேறன்று. தாலம் என்று நம் நூல்களும் கூறும் பனைதான். பனையின் நீரே அவர்களுக்குச் சர்க்கரை. பெச்சபுரி என்னும் ஊரிற் பனைகள் நிரைநிரையாக நிற்கின்றன. பனஞ்சர்க்கரைக்கு அவ்வூர் பேர்பெற்றது. கரும்புச் சீனி வந்து நெடுங்காலமாகியும், தாய் மக்கள் கடையிற் கேட்பது பனைநீரையே.

மூன்றாவது, உறவுமுறை. அந்நியரை இடர்ப்படுத்துவதும் இதுவே. உள்ளே அழைத்துச் செல்வதும் இதுவே. ஆங்கிலத்திற் பாட்டி என்பதற்கு ஒரே சொல். நாமோ அம்மம்மா வேறு, அப்பம்மா வேறு என்று அழைக்கிறோம். தாய் மக்களும் அவ்வாறே. அம்மம்மாவை 'யாய்' என்றும், அப்பம்மாவை 'யா' என்றும் அழைப்பர். தாய்க்கோ தந்தைக்கோ மூத்த ஆண் 'லுங்', மூத்த பெண் 'பா'. தாயின் இளையோர் 'நா', தந்தையின் இளையோர் 'ஆ'. இச்சொற்கள் குருதியுறவோடு நிற்பதில்லை. காய்கறி விற்பவள் முதியவளாயின் அவளும் யாய். வண்டியோட்டுபவன் நடுவயதினனாயின் அவனும் லுங். இளையவர் எவரும் 'நோங்'. குடும்பப் பெயர் என்பதே அந்நாட்டில் 1913ஆம் ஆண்டிற் சட்டத்தினால் வந்தது. அதற்குமுன் மனிதரை மனிதர் அறிந்தது உறவாலும் வயதாலும் இட்ட பெயராலுமே. அகராதியில் நீ என்பதற்குரிய சொல்லைத் தேடிக்கொண்டிருந்த அந்நியர், அதன் இடத்தில் அண்ணனையும் மாமியையும் வைக்க வேண்டும் என்பதனை அறியப் பல நாளாயின.

புதுக்காலப் பொருள்களுக்குப் பெயரிடும்போது தாய் அறிஞர் வடமொழியையும் பாளியையும் நாடினர். தூரத்தையும் சப்தத்தையும் இணைத்துத் தொலைபேசிக்குப் பெயரிட்டனர். நாம் வானொலி என்பதை அவர்கள் 'வித்தயு' என்பர். மின்னலைக் குறிக்கும் வித்யுத் என்ற வடசொல்லின் திரிபு அது. இப்பேச்சை நீங்கள் அங்கிருந்து கேட்டால், மின்னலின் வழியே கேட்பதாகச் சொல்லுவீர்கள். ஐக்கிய நாடுகள் பொதுச் சபைக்கு 1956ஆம் ஆண்டிற் தலைவராகத் தெரிவுசெய்யப்பட்ட வான் வைத்தயகோன் இளவரசர் இத்தகைய பல கலைச்சொற்களை ஆக்கியவர்.

வணக்கம் கூறும் சொல்லும் அவ்வாறு ஆக்கப்பட்டதே. இன்று அந்நாட்டில் இறங்கும் பயணி முதலிற் கற்கும் சொல் 'ஸவத்தி'. ஸ்வஸ்தி என்னும் வடசொல்லிலிருந்து அதனை அமைத்தவர் சுலலொங்கொன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரயா உபகித் சில்பசான். 1943ஆம் ஆண்டில் அரசாங்கம் அதனைப் பொது வாழ்த்தாக ஏற்றது. வெற்றிலை போடுவதைத் தடைசெய்து, எழுத்துகளைக் குறைத்து, உடையையும் மாற்றக் கட்டளையிட்ட அரசாங்கம் அது. குறைத்த எழுத்துகள் 1944ஆம் ஆண்டில் மீண்டும் வந்தன. வாழ்த்துச் சொல் மட்டும் மக்கள் நாவில் ஊறி நிலைத்துவிட்டது.

அதற்குமுன் எவ்வாறு வாழ்த்தினர்? எதிர்ப்பட்டவரை 'பை நை' என்று கேட்டனர். எங்கே போகிறீர் என்பது பொருள். அல்லது, சோறு உண்டாயிற்றா என்று கேட்டனர். இன்றும் ஊர்ப்புறத்தில் அவ்வாறே கேட்பர். வேற்றுநாட்டார் சிலர் இதனைத் துருவி ஆராயும் கேள்வியாகக் கருதி மனம் சுளித்தனர். கேட்பவர் விடையை எதிர்பார்ப்பதில்லை. நான் உன்னைக் கண்டேன், நீ பசியோடு போகலாகாது என்பதே அதன் கருத்து. யாழ்ப்பாணத்து ஒழுங்கையில் "எங்கை போட்டு வாறியள்?" என்றும், "சாப்பிட்டாச்சோ?" என்றும் கேட்டு வளர்ந்த நமக்கு இதனை விளக்க அகராதி வேண்டுமோ?

விளங்கிக்கொள்ளுதல் என்பதற்குத் தாய் மொழியில் 'காவ் ஜை' என்று சொல்லுவர். நெஞ்சினுட் புகுதல் என்பது அதன் பொருள். இலக்கணத்தை எழுதியவரும் அகராதியைத் தொகுத்தவரும் பெரும்பணி ஆற்றினர். அவர்களை நாம் போற்றுவோம். ஆயினும் பெயர் தெரியாத எத்தனையோ வணிகரும் பணிப்பெண்களும் படகுகாரரும், ஒரு கூடை காய்கறிக்கு விலை பேசியும், சமையற் பக்குவம் கேட்டும், முதியவளை யாய் என்று அழைத்தும் கற்ற மொழியே நெஞ்சினுட் புகுந்த மொழி. அயலூரிற் குடியேறிய ஒருவனைச் சந்தைக்காரி ஒருநாள் ஃபராங் என்றோ கேக் என்றோ அழையாமல், லுங் என்று அழைத்துச் சோறு உண்டாயிற்றா என்று கேட்பாளாயின், அன்றுதான் அவன் அந்நாட்டு மொழியைக் கற்று முடித்தான். அன்று முதல் அவன் விருந்தினனும் அல்லன்.